அக்காவோடு வருமான வரி அலுவலகத்துக்கு

ஸ்ரீரங்கம் போய்வந்தேன் என்றதும் தரிசனம் எப்படி, கூட்டம் எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை நான் கோயிலுக்குப் போகவில்லை. கடந்த தை மாதம், அங்கே இருக்கும் என் அக்காவைத் திருச்சி வருமான வரி அலுவலகத்துக்குக் கூட்டிப்போகப் போனேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுது. வேற எவளாவது என்னை மாதிரிக் கையெழுத்துப் போடாம இருப்பா” என்றாள்.

அக்காவின் கணவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். அரியமங்கலத்தில் வால்வு பாகங்கள் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார், துபாய்க்கு ஏற்றுமதி. துபாயில் அக்கா பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது, வருமான வரிக் கணக்கில் காட்டுங்கள் என்று முதலில் வரித்துறை பெயரில் அவளுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது. மோசடி மெசேஜ், அழித்துவிடு என்றார் மாமா. அடுத்து சம்மன் வந்தது. மாமாவுக்குக் கோயம்புத்தூரில் திடீரென்று வேலை வந்துவிட்டது. நான் சிங்கப்பூரில் மேற்படிப்பு படித்தபோது கட்டணம் கட்டியவர் அவர். எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று நம்பித்தான் கிளம்பினேன்.

எழும்பூரில் மதியம் வந்தே பாரத்தில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் திருச்சி. ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒன்றாம் நம்பர் டவுன் பஸ் போதும். மறுநாள் காலை மட்டும் ஆட்டோ பிடித்தோம். கன்டோன்மென்ட்டுக்கு முந்நூறு ரூபாய்.

“இன்கம் டாக்ஸ் ஆபீஸுங்களா? ரீஃபண்டு ஏதும் நிக்குதா?” என்று கேட்டார் டிரைவர்.

“ஆமாங்க” என்றாள் அக்கா. பாலத்தைத் தாண்டும்வரை காவிரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரித்த அதிகாரி என் வயதுப் பெண். அக்கா கேட்டுக்கொண்டதால் என்னையும் உட்கார அனுமதித்தார். அதட்டவில்லை. காபி சொன்னார். அதுவே கூச்சமாக இருந்தது.

“இந்தக் கணக்கு எனக்குத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னாரு ஆடிட்டர்” என்று ஆரம்பித்த அக்கா அதோடு நிறுத்திக்கொண்டாள்.

“நாங்க துப்பறிஞ்சு கண்டுபிடிக்கல மேடம். அந்த பேங்க் அவங்க அரசாங்கத்துக்குச் சொல்லுது. அவங்க வருஷா வருஷம் நமக்கு அனுப்புறாங்க. நாங்க கஸ்டம்ஸ்ல உங்க வீட்டுக்காரரோட ஏற்றுமதி பில்லைக் கேட்டு வாங்கினோம். பில்லுல கம்மி விலை. மீதி உங்க கணக்குல விழுந்திருக்கு.”

“துபாய் சுத்திப் பார்க்கப் போனப்ப ஒரு பேங்க்ல கையெழுத்து வாங்கினாரு. நகைச் சீட்டு மாதிரின்னு நினைச்சேன். அப்புறம் புரிஞ்சுது. ஆனா கேக்கல” என்றாள் அக்கா.

அதிகாரி தாளில் ஓரிடத்தைத் தொட்டார். “இது சிங்கப்பூர்ல ஒரு யுனிவர்சிட்டிக்குப் போயிருக்கு. யாருக்கு?”

“என் தம்பி படிப்புக்கு.”

என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சில விநாடிகள் நானும் யாரோ போலத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த விநாடிகளை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு, “அந்தத் தம்பி நான்தான் மேடம்” என்றேன். தெரியும் என்பதுபோல் தலையசைத்து எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் மாமா போன் செய்தார். அக்கா, “நடந்ததைச் சொல்லிட்டேங்க. நீங்களும் வந்து சொல்லுங்க” என்றாள். அவர் கத்தியது எனக்கே கேட்டது. அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது பஸ். ஸ்ரீரங்கத்தில் இறங்கியதும் ராஜகோபுரத்தைப் பார்த்து, “உள்ளே போலாமாக்கா?” என்றேன்.

“இன்னைக்கு எனக்கு முகமில்லடா.”

ஒரு வாரம் கழித்து மாமா வந்து வாக்குமூலம் கொடுத்தார். வரியும் அபராதமும் கட்டப் பட்டறையில் பாதியை விற்றாயிற்று. வழக்கு இன்னும் முடியவில்லை. வீட்டில் இருவரும் பேசிக்கொள்கிறார்கள், தேவைக்கு மட்டும்.

வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய வாசகர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அங்கே பழைய கணக்கு ஏதாவது மிச்சமிருந்தால், அதில் பெரிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துக்கான பகுதியில் காட்டிவிடுங்கள். மெசேஜ் வந்தால் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். அதற்காக அழித்துவிடவும் வேண்டாம். வரித்துறைத் தளத்துக்கு நீங்களே போய்ச் சரிபாருங்கள். சம்மனுக்குப் போவதென்றால் காலையிலேயே போங்கள், பாதி நாள் ஆகும். வீட்டுக்காரரே நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் படிப்புக்குப் போன தொகையை இப்போது மாதாமாதம் அக்காவுக்கு அனுப்புகிறேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொள்கிறாள். வேண்டாம் என்று ஒருமுறையாவது சொல்வாள் என எதிர்பார்த்தேன். அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.