நாகூருக்கு நடக்க எந்த மேப் நல்லது

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் நசீருதீனின் தையல் கடை வரும். வெளிநாட்டுக்காரர்களுக்கு தொளதொள பைஜாமாவும் தோள்பையும் தைத்துக் கொடுப்பது தொழில். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது சுமக்க முடியாத புத்தகங்களை இவர் தலையில் கட்டிவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மனிதர். அதனால் கடையில் துணியைவிட வழிகாட்டிப் புத்தகங்கள் ஜாஸ்தி. லடாக்குக்கு உண்டு, நேபாளத்துக்கு உண்டு, ஸ்பெயினில் யாத்ரீகர்கள் வாரக்கணக்கில் நடக்கிற பாதைக்குக்கூட பளபளவென்று ஒன்று உண்டு. நாகூருக்கு மட்டும் இல்லை. நசீருதீனுக்கு வேண்டியதோ நாகூர்.

எல்லாம் அவர் வாயால் வந்த வினை. மனைவி பீபி ஜானுக்கு வேலூரில் முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தபோது, வெளியே உட்கார்ந்திருந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "நாகூர் ஆண்டவரே, அவ எழுந்து நடந்துட்டா, கந்தூரிக்கு நான் வீட்லேர்ந்து உங்க தர்கா வரைக்கும் நடந்தே வரேன்" என்று நேர்ந்துகொண்டார். அடுத்த தெருவுக்கே ஆட்டோ பிடிக்கிறவர் சொன்ன வார்த்தை இது.

பீபி ஜான் நடந்துவிட்டாள். மார்க்கெட்டுக்குப் போனாள், மாடிக்கு ஏறினாள், கொழுந்தன் வீட்டுச் சண்டைக்குக்கூட நடந்தே போய் ஜெயித்து வந்தாள். நடக்காமல் இருந்தது நேர்ச்சைதான். போன வருஷக் கந்தூரி விழா மழையில் போயிற்று. இந்த வருஷக் கொடியேற்றம் நெருங்க நெருங்க, வீட்டில் மிக்ஸி ரிப்பேரானாலும் "நேர்ச்சை பாக்கி இருக்குதுல்ல" என்று அவள் ஒரு பார்வை பார்த்தாள்.

"போறேன்மா. வழி பாக்க வேணாமா? நல்ல மேப் ஒண்ணு கெடைக்கட்டும்."

சோம்பேறித்தனம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பாதி அதுதான். மீதிப் பாதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நடுவழியில் தன்னால் முடியாமல் போய், வாக்கு தவறி, பீபி ஜானின் முட்டி மறுபடி மடங்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவருக்குள் கல்லாக உட்கார்ந்திருந்தது. ஓர் அடிகூடத் தப்பாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற மேப் வேண்டும். அப்படி ஒன்று உலகத்தில் இல்லை என்பதை யார் போய் அவரிடம் சொல்வது?

வேங்கிக்காலில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் சிநேகிதர் அர்ஜுனன் ஒரு கிராம வரைபடம் கொண்டுவந்தார். கிணறு, வாய்க்கால், சுடுகாடு எல்லாம் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த ஒரு கிராமத்தோடு சரி.

"நாகூர் வரைக்கும் எத்தினி ஷீட் ஆவும்?"

"தூக்கிட்டுப் போவ வண்டி வெக்கணும் பாய். பேசாம போன்ல பாத்துப் போங்க."

போனில் போட்டால் அது ஓர் ஏரியின் நடுவே நீலக்கோடு இழுத்தது. ஏரியில் தண்ணீர் இருக்கிற மாதம். நசீருதீன் போனை மூடி வைத்துவிட்டு ஸ்பெயின் புத்தகத்தையே எடுத்தார். அதில்தான் நடப்பதைப் பற்றி ஒழுங்காக எழுதியிருந்தது. செருப்பை முன்கூட்டியே பழக்க வேண்டுமாம். கால் கொப்புளத்துக்கு ஊசியும் நூலும் வேண்டுமாம். அது அவரிடம் இருந்தது. ஊருக்கு ஊர் நடப்பவர்களுக்கென்று கன்னியாஸ்திரீகள் விடுதி நடத்துகிறார்களாம். திருக்கோவிலூரில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று அர்ஜுனனைக் கேட்டார். அர்ஜுனன் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போனார்.

நடந்து பயிற்சி எடுக்கவும் புத்தகம் சொன்னது. அதற்கு நம் ஊரைவிட நல்ல இடம் ஏது? பௌர்ணமியன்று ஜனத்தோடு ஜனமாக மலையைச் சுற்றினார். பத்தடிக்கு ஒரு பந்தல். லெமன் சாதம், சுண்டல், மோர், தொன்னையில் சர்க்கரைப் பொங்கல். கொடுத்தவர்கள் யார் என்ன என்று கேட்கவில்லை, இவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பௌர்ணமி பயிற்சி முடிந்தபோது இடுப்பில் ஒரு சுற்று கூடியிருந்தது. ஆனாலும் தெம்பு வந்துவிட்டது. "பதினஞ்சு சுத்து சுத்தனா நாகூர். அவ்ளோதான்" என்று பீபி ஜானிடம் விரலை மடக்கிக் காட்டினார்.

கிளம்பிய அன்று காலையில் பை கனத்தது. ஸ்பெயின் புத்தகம், தமிழ்நாடு ரோடு மேப் இரண்டு (ஒன்று தொலைந்தால் இன்னொன்று), அர்ஜுனனின் கிராம வரைபடம், ஒரு டார்ச், ஒரு விசில். தின்ன எதுவும் இல்லை, தண்ணீரும் இல்லை. எதற்கு? நடக்கிறவனுக்கு வழியெல்லாம் கொடுப்பார்கள் என்பதுதானே அவர் பிறந்து வளர்ந்த ஊரின் அனுபவம்.

"ஊர் எல்லை வரைக்கும் வரேன்" என்று பீபி ஜானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கூட வந்தாள்.

திருக்கோவிலூர் ரோட்டில் ஊர் முடிந்தது. பந்தலும் முடிந்தது. எல்லை தாண்டியும் பீபி ஜான் கூடவே வந்தாள். செங்கல் சூளை வந்தது, மணிலாக் கடலைக் கொல்லை வந்தது, புளியமரம் வந்தது. சுண்டல் வரவில்லை. மழை விட்ட வெயில் சுள்ளென்று ஏறியது. ஒரு லாரிக்காரன் ஹாரன் அடித்தானே தவிர, மோர் நீட்டவில்லை.

"இன்னாடி, ஒருத்தரையும் காணோம்?"

"யார?"

அவர் ரோட்டின் இரண்டு பக்கமும் பந்தலைத் தேடினார். பீபி ஜானுக்குப் புரிந்துவிட்டது. ரோட்டோரம் நின்று சிரித்த சிரிப்பில் கொல்லையில் வேலை செய்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பிறகு கூடையைத் திறந்து இரண்டு சப்பாத்தியும் தண்ணீர்ப் பாட்டிலும் கொடுத்தாள். மனுஷன் நின்றபடியே தின்றார்.

அப்போதுதான் பஸ் வந்தது. அவர்கள் நின்ற இடம் ஒரு நிறுத்தம். எதிர்ப்பக்கம் திருவண்ணாமலைக்குப் போகிற பஸ். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஏறு, வீட்டுக்குப் போ" என்றார் நசீருதீன். சொல்லிக்கொண்டே ரோட்டைக் கடந்தவர், என்ன நினைத்தாரோ, தானே படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

பீபி ஜான் பின்னாலிருந்து பையைப் பிடித்து ஒரே இழுப்பு. புத்தகக் கனத்தில் ஆள் தானாகவே கீழே இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.

நசீருதீன் மைல்கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "எனக்கு பயமா கீது பீபி. நான் நடுவுல வுழுந்துட்டா உன் முட்டிக்கு எதுனா ஆயிடுமோன்னுதான் இவ்ளோ நாளா புக்கு புக்கா பாத்துனு இருந்தேன்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பால் அவர் முகத்து வேர்வையைத் துடைத்தாள். கடந்து போன சைக்கிள்காரன் பார்த்தான், பார்க்கட்டும் என்று விட்டாள்.

"என் காலுக்குத்தான வேண்டிக்கிட்டீங்க? அந்தக் கால் நாகூரப் பாக்க வேணாமா? நானும் வரேன்."

"உனக்கு வலிச்சா?"

"வலிச்சா பஸ் ஏறி அடுத்த ஊர்ல போய் உக்காந்துக்குவேன். நேர்ச்சை உங்களுது. எனக்கு பஸ் உண்டு, உங்களுக்குக் கெடையாது. எழுந்திரிங்க."

அவர் பையிலிருந்து மேப்பை எடுக்கப் போனார். அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வருஷங்களில், எங்கே போனாலும் நசீருதீன் தெருமுனைக்குத் தெருமுனை நின்று அவள் வந்து சேரும்வரை வேடிக்கை பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வார். திரும்பிப் பார்த்தால் அவளுக்கு வருத்தமாக இருக்கும் என்று பார்க்கமாட்டார். இப்போது மூச்சிரைக்கப் பையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவர் போனபோது, தூரத்தில் ஒரு புளியமரத்தடியில் பீபி ஜான் நின்றுகொண்டிருந்தாள். இவர் பக்கம் திரும்பாமல், கொல்லையில் எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.