பார்த்தாச்சு

என் மனைவிக்கு அலுவலகத்தில் 'யாரு மேடம்' என்று பெயர். சும்மா வந்த பெயரில்லை. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி எங்களுடையது. நான் மெக்கானிக், அவள் பதிவேட்டுப் பிரிவு. நாங்கள் கட்டடம் கட்டடமாகப் போய் எழுதி அனுப்புவதை ஒரு வரி விடாமல் படிப்பாள். 'எண்ணெய் போட்டாச்சு' என்று இருந்தால் உடனே போன் வரும். "யாரு போட்டா?"

வீட்டிலும் இதே கூத்துதான். "அடுப்பை அணைச்சாச்சு" என்றால் எழுந்துபோய்த் திருகிப் பார்ப்பாள். "அணைச்சேன்" என்றால் நம்புவாள். எழுவாய் இல்லாத பயனிலை அவளுக்கு ஆகவே ஆகாது. "அணைச்சேன்னா அந்த வார்த்தையிலேயே ஆள் நிக்குது. அணைச்சாச்சுன்னா ஆளையே காணோம். யாரைப் பத்திப் பேசுறோம்னே சொல்லலைன்னா, அது பொய்யான்னுகூடக் கேக்க முடியாதுங்க" என்பாள். இருபத்திரண்டு வருடம் இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினால் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? நானும் அவளைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன். துவைக்கச் சட்டையை எடுத்தால்கூட, பையில் எதைத் துழாவுகிறாள் என்று ஓரக்கண்ணால் பார்ப்பேன்.

போன வருடம் தாளுக்குப் பதிலாக, குழுவுக்கு ஒரு செல்போன் கொடுத்தார்கள். அதில் வரிசையாகக் கட்டங்கள்: கதவு பார்த்தாச்சு, கயிறு பார்த்தாச்சு, பிரேக் பார்த்தாச்சு. விரலால் தொட்டால் டிக். அதைச் செய்துகொடுத்த கம்ப்யூட்டர்காரரோடு முதல் நாளே மல்லுக்கு நின்றாள்.

"இதுல யாருங்கிறதுக்கு இடமே இல்லையே?"

"மெஷினுக்குப் 'பார்த்தது'ன்னா ரெண்டு ஓட்டை உள்ள வாக்கியம் மேடம். யாரு, எதை. ரெண்டையும் அடைச்சாத்தான் உண்மையா பொய்யான்னு சொல்லும். உங்க ஆபீஸ்ல ஒண்ணு போதும்னுட்டாங்க."

"போதும்னது யாரு?"

அவர் பையைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

போன மாதம் எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் வழுக்கி இறங்கியது. உள்ளே இருந்த காவலாளிக்குக் கால் முறிந்தது. பிரேக் தேய்ந்திருந்தது. மூன்று நாள் முன்புதான் 'பிரேக் பார்த்தாச்சு' என்று பதிவாகியிருந்தது. அன்றைக்கு அங்கே போனது இரண்டு பேர், நானும் சைலன்சரும். வாயே திறக்கமாட்டார் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். என்னைவிட மூத்தவர், ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி. மேலாளர் விசாரித்தபோதும் அவர் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன், ஆனால் "எல்லாம் பார்த்தாச்சு சார்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மூத்தவர் என்பதால் பழி சைலன்சர் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை அவரை வேலையைவிட்டு அனுப்புவதாக முடிவாயிற்று.

அறிக்கையைத் தட்டச்சு செய்ய என் மனைவியிடம் கொடுத்தார்கள். 'இவர் பொறுப்பில்லாதவர்' என்று அதில் ஒரு வரி. அவள் நேரே மேலாளர் அறைக்குப் போனாளாம்.

"இது ஆள் மேல ஒட்டுற ஸ்டிக்கர் சார். என்ன செஞ்சாரு, என்ன செய்யலை? அதைச் சொல்லுங்க."

"டைப் அடிம்மா, போதும்."

அன்று சாயங்காலம் அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பிரேக் மொட்டை மாடி மோட்டார் ரூம்ல இருக்கு. சர்வீஸ் நேரத்துல லிஃப்டை நிறுத்திடுவீங்க. எட்டு மாடியும் படி. மேல போனது யாரு?"

"பார்த்தாச்சுன்னு போட்டிருக்குல்ல?"

"யாரு போட்டா?"

"ரெண்டு பேருக்கும் ஒரே போன். யார் கை வேணாலும் பட்டிருக்கலாம்."

எல்லாம் தெரிந்துகொண்டுதான் என்னைக் கிளறுகிறாளோ என்று தோன்றியது. பற்றிக்கொண்டு வந்தது. "கட்டின புருஷனையே கூண்டுல ஏத்துறியா?" என்று கத்தினேன். அவள் கத்தவில்லை.

"சைலன்சர் அண்ணன் இன்னைக்கு என்கிட்ட வந்தாருங்க. 'உன் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலிம்மா. நானாவது ஏறியிருக்கணும்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. போயிட்டாரு."

கதவும் லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியும் அவர் வேலை, மேலே போவது என் வேலை. அந்த மனுஷன் அதைக்கூட யாரிடமும் சொல்லவில்லை.

"நான் பார்க்கலை" என்றேன். "கீழ நின்னுக்கிட்டே நான்தான் டிக் போட்டேன். நாளைக்கு நானே போய்ச் சொல்றேன்."

இனி வாரம் முழுக்க அர்ச்சனைதான் என்று நினைத்தேன். அவள் திட்டவேயில்லை.

"எத்தனை மாசமா முழங்கால் வலி?"

"ஏழு."

பையிலிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தாள். செல்போனில் ஏறிய ஏழு மாதப் பதிவுகளை அச்செடுத்து வைத்திருந்தாள். ராட்சசி, தயாராகத்தான் வந்திருக்கிறாள். பென்சிலை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஏறாத இடத்துக்கெல்லாம் கோடு போடுங்க."

போட்டேன். ஆறாவது கோட்டில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அது அவள் அக்கா குடியிருக்கும் கட்டடம். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கும் கீழேயேதான் நின்றேன்.

அவள் போனை எடுத்தாள்.

"அக்கா, லிஃப்ட்ல ஏறாத. பிள்ளைங்களையும் ஏற விடாத... இல்லக்கா, கரென்ட் எல்லாம் இருக்கு." கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "இவர் பிரேக்கைப் பார்க்கலைக்கா."