விட்டுப் போனவர் நம்பர்

"கொஞ்சம் கை கழுவிக்கிறேனே" என்றபடி, பதிலுக்குக்கூடக் காத்திராமல் சமையலறைக்குள் போய்விட்டாள் ஆல்டரேஷன் அக்கா. கையில் ஒரு பொட்டு அழுக்கு கிடையாது. அவளுக்குப் பார்க்க வேண்டியது, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் என்ன சோப்பு இருக்கிறது என்பதுதான்.

இப்படிப் பார்க்கிற மூன்றாவது வீடு இது. வீட்டிலிருந்தே சோப்பும் ஷாம்பும் விற்று, நமக்குக் கீழே நாலு பேரைச் சேர்த்துவிடுகிற வியாபாரத்தில் அக்கா இறங்கப் போகிறாள். சேர்த்துவிட்டு வழிகாட்டுகிறவரை அங்கே 'அப்லைன்' என்பார்கள். நல்ல அப்லைனாகத் தேடித்தான் இந்த அலைச்சல். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட அக்கா இத்தனை வீடு ஏறி இறங்கவில்லை.

முதல் வீடு, வெயிலிலும் கோட்டுப் போட்டுத் திரிகிற கோட்டுக்காரருடையது. அலமாரியில் கம்பெனிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒன்றில்கூட சீல் உடையவில்லை. தொட்டிமேல் கிடந்தது கடைச் சோப்பு. "தன் வீட்டு எச்சித் தட்டுக்கே ஆகாததை என் தலையில கட்டப் பாக்குறாரே மனுஷன்!" என்று எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவது வீட்டம்மா, இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் சலுகை என்று பறந்தாள். "கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டு நிக்கறவகிட்ட நான் என்னத்தைக் கத்துக்கறது?"

பிரித்துத் தைக்க எந்தத் துணி வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அக்காவின் முப்பது வருடப் பழக்கம். "வெளிப்பக்கம் எல்லாருந்தான் அழகா தைப்பாங்க" என்பாள். இப்போது அந்தக் கண்தான் மக்கர் பண்ணுகிறது. ஊசியில் நூல் கோக்க, பட்டன் வைக்க வருகிறவர்களைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. தையல் மிஷினை மூடிவிட்டால் வேறு பிழைப்பு வேண்டுமே.

பிழைப்பு போனால்கூடச் சமாளித்துவிடுவாள். ஆள் போவதுதான் அவளுக்குப் பயம். ஐந்து வருடத்துக்கு முன் இதே மாதிரி வியாபாரத்தில் ஒருவர், "நான் இருக்கேன்ல" என்று சேர்த்துவிட்டார். அக்கா தனக்குக் கீழே நாத்தனாரைச் சேர்த்தாள். மூன்றே மாதத்தில் அந்த மனிதர் நம்பரை மாற்றிக்கொண்டு கம்பி நீட்டினார். விற்காத பெட்டிகள் நாத்தனாரின் கட்டிலடியில் தங்கிவிட்டன. "நீங்க சொன்னீங்கன்னுதானே அண்ணி சேர்ந்தேன்" என்றாள் அவள். அதுதான் கடைசிப் பேச்சு. எதிரே வந்தாலும் இப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு போய்விடுகிறாள். அக்காவுக்கு அது நெஞ்சில் முள்.

இந்த மூன்றாவது வீடு லேப்காரம்மாவினுடையது. முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தவள். அக்காவைவிடப் பத்து வயது சின்னவள். அவள் தொட்டிமேல் கம்பெனிப் பாட்டிலே இருந்தது. அதுவும் கடைசிச் சொட்டு வரட்டுமென்று தலைகீழாகச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அக்காவின் முகம் மலர்ந்தது. ஆனாலும் அவள் லேசில் மசிகிறவளா? கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, அடுத்த கேள்வியைப் போட்டாள்.

"உங்களுக்குக் கீழ சேர்ந்து, விட்டுட்டுப் போனவங்க ஒருத்தர் நம்பர் குடுங்க."

"நல்லா வந்தவங்க நம்பர் தரட்டுமா?"

"அவங்க உங்களைப் பத்தி நல்லதாத்தான் சொல்லுவாங்க. அதுக்கு நீங்களே போதுமே!"

இந்தக் கேள்விக்குக் கோட்டுக்காரர் சிரித்து மழுப்பினார். இரண்டாவது வீட்டம்மா, தன்னை யாருமே விட்டுப் போனதில்லை என்று சாதித்தாள். லேப்காரம்மாவோ மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு தானே நம்பரைப் போட்டு, விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரை அழுத்தி அக்காவின் முன்னால் வைத்தாள்.

"அவங்க பொய் சொல்ல மாட்டாங்க" என்றது எதிர்முனைப் பெண்குரல். "விக்காத சரக்கை அவங்களே வந்து எடுத்துட்டுப் போனாங்க. ஆனா நான் முடியாதுன்னு சொன்னப்புறமும் மாசக்கணக்கா போன் பண்ணி உயிரை எடுத்துட்டாங்க. அதையும் கேட்டுக்கங்க."

லேப்காரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "நெஜந்தான். அப்படித்தான் பண்ணேன்" என்றாள்.

அக்கா பையைத் திறந்தாள். கையெழுத்துக்குத்தான் என்று லேப்காரம்மா பேனாவைத் தேடினாள். அக்கா எடுத்தது தன் போனை. எழுத்து தெரியாமல் கையை எட்ட நீட்டிப் பிடித்து, ஒரு பெயரைத் தேடினாள்.

"அதென்ன, நான் மட்டுந்தான் விசாரிக்கணுமா? நாளைக்கு என்னால உங்க பேரு கெடக்கூடாதில்ல? என்னை விட்டுப் போனவ ஒருத்தி இருக்கா. நீங்களும் கேட்டுக்கங்க." நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரையும் போட்டு, போனை லேப்காரம்மாவின் கையில் திணித்தாள்.

மணி அடித்தது. எடுக்க மாட்டாள் என்றே அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அண்ணி?" என்றது குரல்.

அக்கா சட்டென்று கையை நீட்டினாள். லேப்காரம்மா ஸ்பீக்கரை அணைத்து, போனை அந்தக் கையில் வைத்தாள்.