பாறைக்கு அந்தப் பக்கம்

கோவளத்துக் கடலில் எங்கள் படகு மெல்ல ஆடுகிறது. ஒரு முறை கடலுக்குள் மூழ்கிப் பார்த்துவிட்டு இப்போதுதான் மேலே வந்திருக்கிறோம். என் சிலிண்டரில் காற்று சீக்கிரமே குறைந்துவிட்டது. சேர்ந்து இறங்கியவர்கள் சேர்ந்தேதான் ஏற வேண்டுமாம். பாதிக் காற்று மிச்சமிருந்தும் என் மனைவி சுதாவும் ஏற வேண்டியதாயிற்று. கடலடியில் இருக்கும் பாறைக்கு அந்தப் பக்கம் போக முடியவில்லை. அவள் கூந்தலைப் பிழிகிறாள்.

எங்களைக் கடலுக்குள் அழைத்துப் போகும் மேரி இந்த ஊர் மீனவர் வீட்டுப் பெண். பெரிய சிலிண்டர் ஒன்றை என் முன்னால் வைக்கிறார்.

“எல்லாரும் சின்னதுதானே போடுறாங்க? எனக்கும் அதுவே போதும்” என்கிறேன்.

“இதுல இன்னா சார் வெக்கம்? பெரிய ஒடம்பு, காத்து ஜாஸ்திதான் இழுக்கும். மாட்டிக்கினு வாங்க.”

“போட்டுக்கோங்க. அந்தப் பக்கத்தை நான் மட்டும் தனியாவா பார்ப்பேன்?” என்கிறாள் சுதா.

மாட்டிக்கொள்கிறேன். நிதானமாக மூச்சு விட்டபடி மேரியின் பின்னால் பாறையைச் சுற்றி நீந்துகிறோம். மறுபக்கத்தில் மஞ்சள் மீன்கள் கூட்டமாக விலகி எங்களுக்கு வழி விடுகின்றன. வெகுநேரம் அங்கேயே மிதக்கிறோம். பிறகு சுதா என் கையைத் தொட்டு, தன் சிலிண்டரில் காற்று குறைந்துவிட்டதைக் காற்றுமானியின் முள்ளில் காட்டுகிறாள். மேலே போக வேண்டும். என்னிடம் இன்னும் காற்று இருக்கிறது.