மே எட்டில் நான் ஏற்றிய கொடி

நான்கு வருடங்களுக்கு முன், மே எட்டாம் திகதி காலை. ஒஸ்லோவில் எல்லிங்ஸ்ருட் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கொடியேற்றும் பொறுப்பு அந்த வருடம்தான் என் தலையில் விழுந்திருந்தது.

மே எட்டு, போரில் இறந்த நோர்வே வீரர்களை நினைவுகூரும் நாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இறந்தவர்களுக்கான நாளென்றால் துக்கம்தானே? யாரையும் கேட்காமல் கொடியை அரைக் கம்பத்தில் பறக்கவிட்டேன். உண்மையைச் சொன்னால், எங்கள் நாட்டுப் போருக்குப் போய்த் திரும்பாத என் தம்பியை நினைத்துத்தான் கயிற்றைக் கட்டினேன். அவனுக்கு ஊரில் ஒரு கல்லறைகூட இல்லை.

கொஞ்ச நேரத்திலேயே மனைவி ஜன்னலைத் திறந்து கத்தினாள். "என்னப்பா, ஆர் செத்தது? எல்லாரும் போன் எடுத்துக் கேக்கினம்!"

அப்போதுதான் உறைத்தது. இங்கே குடியிருப்பில் கொடி பாதியில் நின்றால், அங்கே வசிக்கும் யாரோ இறந்துவிட்டார் என்று அர்த்தம். இரண்டாம் மாடி நோர்வேப் பெண் இரவு வேலை முடிந்து வந்தவர், கொடியைக் கண்டதும் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அவருடைய கணவர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

"அவரா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. இல்லை, இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டு, தம்பியின் கதை வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

நன்றாகத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் படியில் உட்கார்ந்து மூச்சை ஆற்றிக்கொண்டு சொன்னார்: இது நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர் சரணடைந்து விடுதலை கிடைத்த நாள். போர்வீரர்களுக்கும் உரிய நாளாக்கியது பின்னால்தான். அவருடைய அம்மா சண்டையில் அண்ணனைப் பறிகொடுத்தவர். விடுதலை கிடைத்த அன்று அழுதுகொண்டே, ஒளித்து வைத்திருந்த கொடியை உச்சிவரை ஏற்றினாராம்.

நான் அவசரமாகக் கயிற்றை அவிழ்த்தேன். அவர் தடுத்தார். "உங்கள் தம்பிக்காகக் கொஞ்ச நேரம் நிற்கட்டும்."

மேல்மாடி பால்கனியிலிருந்து ஒருவர் யார் இறந்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அந்தப் பெண் சத்தமாகச் சொன்னார், "இவருடைய தம்பி." மேலே நின்றவர் தொப்பியைக் கழற்றினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு இருவருமாகக் கொடியை உச்சிக்கு இழுத்தோம். அவருடைய கணவரும் அடுத்த வாரம் சுகமாக வீடு வந்து சேர்ந்தார்.

தம்பி போன செய்தியை எங்களுக்குச் சொல்லக்கூட ஊரில் ஆளில்லாமல் இருந்தது. அவன் இறந்ததை முதன்முதலாக ஒருவர் வாய்விட்டு அறிவித்தது அந்தக் கம்பத்தடியில்தான். இன்றும் மே எட்டில் கொடியை இழுக்கும்போது, பாதிக் கம்பத்தில் என் கை தானாகவே ஒரு கணம் நின்றுவிடுகிறது.