துண்டுக்குள் நடந்த பேரம்

"…கண்ணு தெரியாதவ துப்பாக்கி சுடுறாளாம், குண்டு குறியில போய் விழுகுதாம். யார் காதுல பூச்சுத்துற மாப்ளே?" என்று என் கைபேசியைத் தள்ளிவிட்டார் அக்கா வீட்டுக்காரர்.

எரியோட்டில் அவர் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தோம். கைபேசியில் ஒரு ரஷ்யப் பெண் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்தே பார்வை மங்கல். முன்னால் வழிகாட்டி ஒருவர் சறுக்கிப் போவார். அவர் இடுப்பில் கட்டிய ஒலிபெருக்கியின் குரலைப் பிடித்துக்கொண்டே இவள் பின்னால் போக வேண்டும். சுடும் இடத்தில் காதில் ஹெட்போன். துப்பாக்கி முனை குறியை நெருங்க நெருங்க அதில் சத்தம் கீச்சென்று உயரும். உச்சத்தில் சுடுவாள். அப்படியே பதக்கம் பதக்கமாக வாங்கினவள். நடுவில் சில வருடம் அவள் நாட்டுக்காரர்களையே போட்டியில் சேர்க்கவில்லை. காத்திருந்து, திரும்பி வந்து, மறுபடியும் சறுக்கினாள்.

"ஒரு நாட்டையே வெளிய நிறுத்துனா, சும்மாவா நிறுத்துவாங்க?"

"அது வேற விவகாரம் மச்சான்."

மச்சான் அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகர். எடை கூட்டத் தண்ணீர் காட்டியிருக்கிறார்களோ என்று ஆட்டின் வயிற்றைத் தட்டிப் பார்த்தே பழகிய கை. மனுசரையும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பார். வாயால் சொல்கிற விலை எதையும் நம்ப மாட்டார். துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரல்களைப் பிடித்து எண்ணிக்கை காட்டிப் பேசினால்தான் அவருக்குப் பேச்சு.

அன்றைக்கு அவர் தட்டிப் பார்த்தது பக்கத்தில் உட்கார்ந்திருந்த சொந்த மகளை. அவளுக்கும் அந்த ரஷ்யக்காரியைப் போலவே பார்வை மங்கல். கல்லூரியில், வழிகாட்டிப் பெண் ஒருத்தியின் கையோடு தன் கையைக் கயிற்றால் கோத்துக்கொண்டு ஓடுகிறாள். சென்னையில் பத்து நாள் பயிற்சிக்குத் தேர்வாகியிருந்தாள். தகப்பன் கையெழுத்தோடு மறுநாள் போய்ச் சேர வேண்டிய படிவம் எங்கள் நடுவே கிடந்தது.

"கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போனா அது ஓட்டமா? கூட ஓடுற பிள்ள எந்த ஊரு, யார் வீட்டுப் பிள்ள?"

"அவ இழுத்தா எங்க ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிருவாங்கப்பா. நான்தான் முன்னால கோட்டைத் தொடணும்."

"சரி, நேத்துக் கீழ விழுந்த ஊக்கை நேரா குனிஞ்சு எடுத்தியே. அது எப்புடித் தெரிஞ்சுது?"

"விழுந்த சத்தம் கேட்டுச்சு."

அவர் என் பக்கம் திரும்பினார். "அந்த வெள்ளக்காரியக் காட்டச் சொன்னது இவதான? ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான வந்தீக?"

பேசி வைத்துத்தான் வந்திருந்தேன். அடுப்படியிலிருந்து அக்கா, "அந்தாளு சாமி பிரசாதத்தையே மோந்து பாத்துட்டுத்தான் திம்பாரு, விடுடா" என்றாள்.

மச்சான் சிரிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வலக்கையின் மேல் விரித்து, மகள் பக்கம் நீட்டினார். அவள் அதைத் துழாவிப் பிடித்து, தன் கையையும் உள்ளே விட்டாள். துண்டு அசைந்தது. நின்றது. மறுபடியும் அசைந்தது.

"எட்டு நாள்னா சேக்க மாட்டாங்கப்பா. பத்துதான்."

துண்டு இன்னொரு தடவை அசைந்தது.

"தெனமும் ராத்திரி போன் பண்றேன். கூட ஓடுற பிள்ளையையும் பேசச் சொல்றேன்."

மச்சான் துண்டை எடுக்கவில்லை. அவள் விரல்களை உள்ளேயே பிடித்தபடி, இடக்கையால் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார்.