செல்வராணி டீச்சருக்கு இறங்காத சோறு

பள்ளி ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச் சாலையில் நின்றிருந்தபோது செல்வராணி டீச்சரின் கணவர் கணேசன் அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். “டீச்சர், அவ போய்ட்டா” என்றார். என்னைச் சுற்றிலும் பிள்ளைகள் மும்முரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரெம்பாவ் பக்கம் எங்கள் தோட்டப் பள்ளியில் செல்வராணி டீச்சரிடம் கணக்குப் படித்த உங்களில் பலரும், கடைசிக் காலத்தில் அவர் ஏன் அப்படி மெலிந்துபோனார் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். சிரம்பானிலிருந்து தினமும் அவர் காரில்தான், அதே பள்ளியில் ஆசிரியையான நானும் போவேன். அதனால் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது மகளைச் சுமந்திருந்தபோது வந்த இனிப்பு நீர், அந்தச் சர்க்கரை நோய், பிள்ளை பிறந்த பிறகும் அவரை விட்டுப் போகவேயில்லை. ஊசியும் மாத்திரையும் அவருக்குப் பழகிப்போயின. பிறகு புதிதாக ஒன்று தொடங்கியது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். ஒருநாள் காரை எடுப்பதற்கு முன் மெதுவாகச் சொன்னார்: “ராத்திரி சாப்பிட்ட கீரை காலையில அப்படியே வாந்தியா வருது வாசுகி. செரிக்கவே இல்ல.” ஆசிரியர் அறையில் சிலர் வாயு என்றார்கள், சிலர் அல்சர் என்றார்கள். கண்ணேறு என்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்தவரும் உண்டு. எல்லாருக்கும் அவர் நன்றி சொன்னார்.

ஒரு காலை, செம்பனைத் தோட்டத்துச் சாலையில் கார் ஓரமாக இழுத்துக்கொண்டே போனது. திரும்பிப் பார்த்தேன். டீச்சரின் முகமெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது. எப்படியோ காரை நிறுத்தவைத்து, கைப்பையில் இருந்த குளுக்கோஸ் தண்ணீரைக் குடிக்க வைத்தேன். கை நடுக்கம் நிற்கவில்லை. மறுபடியும் கொடுத்தேன். “ஊசி போட்டு நல்லாத்தானே பசியாறினேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரைப் பக்கத்து இருக்கைக்கு நகர்த்திவிட்டு நானே மருத்துவமனைக்கு ஓட்டினேன். குடித்த தண்ணீரும் காலையில் சாப்பிட்ட தோசையோடு வயிற்றிலேயே நின்றிருந்தது எனக்கு அப்போது தெரியாது.

அங்கேதான் காரணம் தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, அடைப்பு எதுவும் இல்லை என்றார்கள். பிறகு முட்டை உணவு கொடுத்து, அது வயிற்றை விட்டு இறங்குவதை மணிக்கணக்கில் படம் எடுத்தார்கள். டாக்டர் பொறுமையாக விளக்கினார்: “ரொம்ப வருஷமா ரத்தத்துல சீனி கூடிக் கூடி, வயித்த அசைக்கிற நரம்பு பழுதாயிருச்சும்மா. சாப்பாடு மெதுவாத்தான் இறங்கும். நீங்க போடுற ஊசி அதுக்காகக் காத்திருக்காது, முன்னாடியே சீனிய இறக்கிரும்.” முழுசாகக் குணமாகாது, சமாளிக்கலாம் என்றார்.

இனிப்பு நீருக்கு நல்லது என்று அவர் ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த கீரை, ஓட்ஸ், தோலோடு ஆப்பிள் எல்லாம் விலக்கப்பட்டன. நார் வயிற்றில் தங்கிவிடுமாம், எண்ணெயும் ஆகாது. குழைந்த கஞ்சி, வடிகட்டிய சூப், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. ஊசி போடும் நேரத்தையும் டாக்டர் மாற்றிக் கொடுத்தார். “நல்ல புள்ளையா சாப்பிட்டதெல்லாம் வேணாங்கிறாங்க லா” என்று டீச்சர் சிரித்தார். கஞ்சி குடித்துவிட்டுப் பள்ளித் திடலைச் சுற்றி நடப்பார். சில மாதங்கள் உடம்பு தேறியது. நாங்களும் நம்பினோம்.

அந்தத் தீபாவளிக்கு மந்தினிலிருந்து கணேசன் அண்ணனின் தங்கை ஆட்டிறைச்சிப் பிரட்டல் செய்து கொண்டுவந்தார். “ஒரு வாய் தானே அண்ணி, உங்களுக்காகவே செஞ்சது” என்று ஊட்டிவிட்டார். டீச்சரால் மறுக்க முடியவில்லை. ஒரு வாய் பல வாயானது. மறுநாள் வாந்தி நிற்காமல் மருத்துவமனையில் சேர்த்தோம். வார்டுக்கு வெளியே நின்று அண்ணன் சொன்னார்: “அடிச்சா தடுக்கலாம் டீச்சர். ஆசையா ஊட்டினா எப்படித் தடுக்குறது?”

அதன்பின் மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாகவே நாள்கள் கழிந்தன. மருந்துகளை மாற்றிப் பார்த்தார்கள். கஞ்சியும் தங்காத நாள்களில் நீர்ச்சத்து ஏற்றினார்கள். சிறுநீரகமும் தளர்ந்தது. நோயாளியைப் பார்க்கப் போனால் ஏதாவது சமைத்துக் கொண்டுபோவதுதான் நமக்குத் தெரியும். நான் வெறுங்கையோடு போய்க் கட்டிலின் அருகே உட்கார்ந்திருப்பேன். எதைச் செய்தாலும் அவருக்கு உதவாது என்பது தெரிந்தும் அங்கேயே இருப்பேன்.

அப்படி ஒரு மாலையில் கேட்டார்: “இன்னிக்கு என்ன சாப்பிட்ட?” சொல்லக் கூச்சமாக இருந்தது. பேச்சை மாற்றினேன். “சும்மா சொல்லு லா. மெதுவா, ஒன்னும் விடாம சொல்லு” என்றார். சொன்னேன். சுடுசோறு, புளி தூக்கலான மீன் குழம்பு, அடியில் கொஞ்சம் தீய்ந்த உருளைக்கிழங்கு. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். “தீய்ஞ்சதுதான் ருசி” என்றார். அதற்குப் பிறகு போன ஒவ்வொரு முறையும் சொன்னேன். நான் அவருக்குக் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

கடைசியில் ஒரு கிருமித்தொற்று. உடம்பில் அதைத் தாங்கத் தெம்பு இல்லை.

இறுதிச் சடங்கு முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தேன். என் மகள் ரசம் வைத்திருந்தாள். இரண்டாவது கவளத்தில், மிளகு சற்றுக் கூடுதல், தக்காளி நன்றாகக் கரைந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருப்பதை உணர்ந்தேன். யாரிடம் சொல்ல என்று தெரியாமல், தட்டு காலியாகும்வரை சொல்லிக்கொண்டேயிருந்தேன்.